மூச்சு வாங்க இடம் தராத தடம்

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆன ஒருவர், இங்கே மரினா பே சாலைகளில் நடக்கும் ஃபார்முலா 1 (எஃப்1) கார் பந்தயத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார். சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் பந்தயம் பார்த்த பழக்கம் உள்ளவராம். சுருக்கமாக அவர் கேட்பது இதுதான்: "மரினா பே தடத்தில் சராசரி வேகம் இத்தாலியின் மோன்சா தடத்தைவிட எவ்வளவோ கம்மி. ஏற்ற இறக்கம் கிடையாது. ஊருக்குள் இடமும் வலமும் திரும்பும் சாதாரண சாலைதான். அப்புறம் ஏன் ஓட்டுநர்கள் இதைப்போய் ஆண்டிலேயே கஷ்டமான பந்தயம் என்கிறார்கள்? வெக்கையைத் தவிர வேறு ஏதாவது இருக்கிறதா?" எந்த டிக்கெட் வாங்கலாம் என்ற கேள்வியும் வாலாக ஒட்டியிருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், எதை நம்பலாம் எதை நம்பக்கூடாது என்று நீங்களே எடை போட்டுக்கொள்ளலாம். பேருந்துப் பணிமனையில் பிரேக் வேலை பார்க்கிறேன், இருபது வருஷத்துக்கு மேல். 2009 முதல் பந்தய வாரத்தில் தன்னார்வ மார்ஷல். கொடி ஆட்டுவது, குப்பை பெருக்குவது, தீயணைப்புக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது எல்லாம் எங்கள் வேலை. எஃப்1 காரை நான் ஓட்டியதில்லை. ஓட்டுகிறவர் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பது அவர்கள் வாயால் சொல்லிக் கேட்டதுதான். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கண்ணால் பார்த்ததையும், கையில் கிரீஸோடு கற்றுக்கொண்டதையும் மட்டும் அடித்துச் சொல்வேன்.

என் கணக்கில் வெக்கை பாதிக் காரணம்கூட இல்லை. வெக்கையால் ஓட்டுநர்கள் சுருண்டுபோன பந்தயம் எது என்று கேட்டால் 2023 கத்தாரைத்தான் சொல்வார்கள். அங்கே லோகன் சார்ஜென்ட் உடம்பு முடியாமல் பாதியில் இறங்கினார், எஸ்டெபான் ஒக்கான் ஹெல்மெட்டுக்குள்ளேயே வாந்தி எடுத்தார். சிங்கப்பூரின் தொல்லை வேறு மாதிரி. இங்கே எதற்கும் ஓய்வு கிடையாது. பிரேக்குக்கு இல்லை, பின் டயருக்கு இல்லை, கண்ணுக்கு இல்லை. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இப்படியே போக வேண்டும்.

எனக்குத் தெரிந்த பிரேக்கிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் பணிமனைக்கு வரும் பேருந்துகளில் இரண்டு ரகம். பிஐஇ விரைவுச்சாலையில் நிற்காமல் ஓடி தெம்பனிசில் இறங்குவது ஒன்று. தேக்கா, பூகிஸ் என்று நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று ஊர்வது இன்னொன்று. வேகமாக ஓடுவது முதல் வண்டி. பிரேக் சீக்கிரம் தேய்ந்து என் மேசைக்கு வருவது இரண்டாவது வண்டி. ஒவ்வொரு மிதிக்கும் சூடு ஏறும், அடுத்த மிதிக்குள் காற்றுப்பட்டு ஆற வேண்டும். ஆற நேரம் இல்லையென்றால் மிச்சச் சூட்டின் மேலேயே புதுச் சூடு ஏறும். வட்டிக்கு வட்டி மாதிரி.

மோன்சாவுக்கும் மரினா பேக்கும் உள்ள வித்தியாசமும் இதேதான். மோன்சாவில் ஒரு சுற்றில் முக்கால் பங்கு தூரம் ஆக்சிலேட்டர் தரையோடு அழுந்தியிருக்கும். 330 கி.மீ. வேகத்தில் வந்து மிதிக்கும்போது டிஸ்க் கொதிக்கத்தான் செய்யும், ஆனால் அதற்கடுத்த நீண்ட நேர்பாதை அதை ஆற்றிவிடும். மரினா பேயில் முழு ஆக்சிலேட்டர் ஏறக்குறைய பாதித் தூரம்தான். மீதியெல்லாம் மிதி, திருப்பு, பிடி, மறுபடி மிதி. எஃப்1 பிரேக் டிஸ்க் கார்பனால் ஆனது. சில நூறு டிகிரிக்குக் கீழே அது சரியாகப் பிடிக்காது, ஆயிரம் டிகிரியை நெருங்கினால் காற்றிலுள்ள ஆக்சிஜன் அதை மளமளவென்று அரித்துவிடும். எனவே இந்தத் தடத்துக்கு அணிகள் பிரேக்குக்குக் காற்று போகும் வாயைப் பெரிதாக்கிக்கொண்டு வருவார்கள். அதனால் காற்றின் தடை கொஞ்சம் கூடும். வேகம் கம்மியான தடம் என்பதால் அந்த நஷ்டம் தாங்கக்கூடியதுதான்.

2025ல் லூயிஸ் ஹாமில்டனுக்கு நடந்ததைத் தேடிப் பாருங்கள். கடைசிச் சில சுற்றுகளில் பிரேக் கைவிட்டது. மிதித்தால் நிற்காத காரை வைத்துக்கொண்டு வளைவுகளை வெட்டி, எப்படியோ ஏழாவதாக உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். தட எல்லையை மீறியதற்கு 5 விநாடி தண்டனை விழுந்து எட்டாவது இடம். எத்தனை பந்தயம் ஜெயித்தவர் அவர்! இந்தத் தடத்திலேயே நான்கு முறை. பிரேக் போனால் யாராக இருந்தாலும் அவ்வளவுதான்.

அடுத்தது சுவர். இருங்காட்டுக்கோட்டை போன்ற நிரந்தரத் தடங்களில் தப்பு செய்தால் புல்லிலோ மண்ணிலோ போய்த் திரும்பி வரலாம். இங்கே தப்புக்கு விலை உடனே. பயிற்சிச் சுற்று முடிந்ததும் நாங்கள் தடத்துக்குள் இறங்கிப் பெருக்குவோம். உதிர்ந்த டயர் ரப்பர் உருண்டை உருண்டையாகக் கிடக்கும், ஷூவுக்கடியில் புளியங்கொட்டை மாதிரி ஒட்டும். அப்போது நான் முதலில் பார்ப்பது வளைவை ஒட்டிய கான்கிரீட் சுவரைத்தான். வெள்ளிக்கிழமை முதல் பயிற்சிக்கு முன்னால் அது துடைத்துவிட்டது போல இருக்கும். முடிந்ததும் முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்புக் கீற்று. சனிக்கிழமை, யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்று முடிவாகும் தகுதிச் சுற்றுக்குப் பிறகு அதே இடத்தில் ஒரு முழம், சில இடத்தில் டயரின் பக்கத்திலிருக்கும் சிவப்புச் சாயமும் சேர்ந்து ஈஷியிருக்கும். அது விபத்தின் தழும்பு இல்லை. வேகமாகப் போகிறவன் வேண்டுமென்றே உரசிவிட்டுப் போனது. உரசாமல் போனால் நேரம் போய்விடும். ஒரு விரல்கடை கூடுதலாக உரசினால் சக்கரத்தைத் தாங்கும் கம்பி வளைந்துவிடும். அந்த ஒரு விரல்கடைக்குள்தான் 60க்கு மேற்பட்ட சுற்றுகள் ஓட வேண்டும்.

2023 பந்தயத்தின் கடைசிச் சுற்றை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். கார்லோஸ் சைன்ஸ் முன்னால், லாண்டோ நாரிஸ் இரண்டாவது, ஜார்ஜ் ரஸ்ஸல் மூன்றாவது, ஒருவர் வாலை ஒருவர் பிடித்துக்கொண்டு போகிறார்கள். 10வது வளைவில் நாரிஸ் சுவரை லேசாகத் தட்டிவிட்டுத் தப்பிவிட்டார். பின்னால் அவரையே பார்த்துக்கொண்டு வந்த ரஸ்ஸல் அதே இடத்தில் இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டினார். நேரே தடுப்புக்குள் போய் முடிந்தது. அன்று அவருக்கு வெக்கை ஒன்றும் புதிதில்லை, பயிற்சியும் குறைவில்லை. 61 சுற்று சரியாக ஓடியவர் 62வதில் கவனத்தை ஒரு கண்ணிமைப்பு நேரம் முன்காருக்குக் கொடுத்துவிட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது. மறு ஆண்டு நாரிஸ் 20 விநாடிக்கு மேல் முன்னிலையில் தனியாக ஓடி ஜெயித்தார். துரத்த ஆளே இல்லாத அந்த ஓட்டத்திலும் இரண்டு முறை சுவரை உரசினார். நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனும் 2012ல் இங்கே சுவரில் மோதித்தான் வெளியேறினார், அதற்காக சேஃப்டி கார் (விபத்து நடந்தால் எல்லாரையும் தன் பின்னால் மெதுவாக வரவைக்கும் கார்) வந்தது. அன்றைக்கு எங்கள் மார்ஷல் கூட்டத்தில் தமிழ் தெரிந்த நாலு பேருக்கும் முகம் தொங்கிப்போனது.

சாலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், அது என் வண்டிகள் தினமும் ஓடும் சாலை. மற்ற நாட்களில் ராஃபிள்ஸ் அவென்யூவிலும் எஸ்பிளனேட் டிரைவிலும் இரட்டை மாடிப் பேருந்துகள் ஓடுகின்றன. கனமான வண்டி நின்று கிளம்பும் இடத்தில் தார் அலை அலையாகத் திரளும். பந்தயத்துக்காகப் புதிதாகத் தார் போட்டாலும் முழுக்க மட்டமாகாது. மேன்ஹோல் மூடிகளை அசையாமல் பூட்டுவார்கள், அந்தக் கார் தரையை உறிஞ்சிக்கொண்டு போகிற வேகத்துக்குச் சாதாரண மூடி கிளம்பிவிடும். 2023ல் லாஸ் வேகஸில் அப்படி ஒரு மூடி கிளம்பித்தான் சைன்ஸின் ஃபெராரி அடிவயிறு கிழிந்தது. அப்புறம் ஆண்டர்சன் பாலம். 1910ல் கட்டிய இரும்புப் பாலம், மேலே வளைவுகள், கீழே சிங்கப்பூர் ஆறு. அதற்குள் நுழைந்து வெளியே வந்ததும் ஃபுல்லர்ட்டன் பக்கம் கொண்டை ஊசி வளைவு. கொல்லிமலைக்குப் போயிருப்பீர்கள், அந்த மாதிரி ஒரு திருப்பம் என்று வையுங்கள், ஏற்றம் மட்டும் கிடையாது.

இந்த மேடு பள்ளத்துக்காகக் காரைக் கொஞ்சம் உயர்த்தி வைக்க வேண்டியிருக்கிறது. 2022 முதல் 2025 வரை ஓடிய கார்கள் தரையோடு எவ்வளவு ஒட்டி ஓடினவோ அவ்வளவு பிடிப்பு. 2023ல் ரெட் புல் அணி 22 பந்தயத்தில் 21ஐ ஜெயித்தது, தோற்றது இங்கே மட்டும். அவர்கள் இரண்டு காரும் தகுதிச் சுற்றின் கடைசிக் கட்டத்துக்கே வரவில்லை. காரை உயர்த்தி வைக்க நேர்ந்ததுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். இது ஊகம்தான், அணிக்காரர்கள் எல்லாவற்றையும் வெளியே சொல்வதில்லை. அந்த அணியின் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் 2025 வரை இங்கே ஒரு முறைகூட ஜெயித்ததில்லை என்பது மட்டும் ஊகம் இல்லை.

இரவுப் பந்தயம் என்பதும் நீங்கள் நினைப்பதைவிடச் சிக்கலானது. 2008ல் எஃப்1 வரலாற்றின் முதல் இரவுப் பந்தயம் இங்கேதான் நடந்தது. தடத்தைச் சுற்றி ஏறத்தாழ 1,500 விளக்குகள், சுமார் 3,000 லக்ஸ் வெளிச்சம். அலுவலக மேசைக்கு 500 லக்ஸ் போதும் என்பார்கள், அப்படியானால் யோசித்துக்கொள்ளுங்கள். பார்வைக்குக் குறை இல்லை. குழப்பம் உடம்புக்குத்தான். இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் பந்தயம் ஐரோப்பாவுக்குப் பகல் இரண்டு மணி. ஆகவே ஓட்டுநர்கள் ஐரோப்பிய நேரத்திலேயே வாழ்கிறார்கள். விடியற்காலையில் படுத்து, மதியம் எழுந்து, சாயங்காலம் பசியாறுகிறார்கள். இரவானால் வெப்பம் குறையும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். எட்டு மாதம் இங்கே இருந்தவருக்கு நான் சொல்லத் தேவையில்லை, குறைவது வெயில்தான், புழுக்கம் அப்படியே நிற்கும். வியர்வை காய்ந்தால்தானே உடம்பு குளிரும்! தீப்பிடிக்காத உடுப்புக்குள் அது காயவே காயாது. எங்கள் மார்ஷல் உடுப்பே இரவு பத்து மணிக்குப் பிழிந்தால் சொட்டும், நாங்கள் சும்மா நிற்பவர்கள்.

கத்தார் அனுபவத்துக்குப் பிறகு, பந்தய விதிகளை வகுக்கும் எஃப்ஐஏ அமைப்பு ஒரு விதி கொண்டு வந்தது. காற்றின் ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட வெப்பம் 31 டிகிரியைத் தாண்டும் என்று முன்கணிப்பு வந்தால் 'வெப்ப அபாயம்' என்று அறிவிப்பார்கள். அப்போது குளிர்ந்த திரவம் ஓடும் மேலாடையை ஓட்டுநர் போட்டுக்கொள்ளலாம். இந்த அறிவிப்பு முதன்முதலாக வந்தது 2025 சிங்கப்பூர் பந்தயத்துக்கு. அப்போது போடுவது கட்டாயம் இல்லை. வேண்டாம் என்றவர்கள் எடை சமனுக்குக் கூடுதல் பாரம் சுமக்க வேண்டியிருந்தது.

ஒரு பந்தயத்தில் மூன்று கிலோ எடை குறையும், கார் உள்ளே 60 டிகிரி சூடு என்றெல்லாம் ஆண்டுதோறும் எழுதுகிறார்கள். எடை குறைவது உண்மை, குறைவது தண்ணீர். மூன்று கிலோ என்பது மேல்வரம்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள், ஆளுக்கு ஆள் மாறும். 60 டிகிரியையும் நான் அப்படித்தான் எடுத்துக்கொள்வேன், காலடியில் எங்கோ ஒரு மூலையில் அளந்தால் வரலாம். இன்னொரு கதையும் காதில் விழும். 2008ல் மார்க் வெப்பரின் கியர்பாக்ஸ் கெட்டதற்குத் தரைக்கடியில் ஓடிய ரயிலின் மின்சாரம்தான் காரணம் என்று அவர் அணி சொன்னது. கியர்பாக்ஸ் கெட்டது நிஜம், நகர மண்டபப் பக்கம் கீழே எம்ஆர்டி ரயில் ஓடுவதும் நிஜம். இரண்டையும் முடிச்சுப் போடுவதை நான் பாதி நம்பிக்கையோடுதான் கேட்பேன். அதே ரயில் அன்று மற்றக் கார்களுக்கு அடியிலும்தான் ஓடியது.

மழை பெய்தால் மேலே சொன்னதெல்லாம் இரண்டு மடங்கு. முதல் ஈரத் தொடக்கம் 2017ல். கிளம்பச் சொல்லும் சிவப்பு விளக்கு அணைந்த சில விநாடிகளில் வெட்டல், வெர்ஸ்டாப்பன், ரைக்கோனன் மூவரும் மோதி வெளியே, ஐந்தாவதாகக் கிளம்பிய ஹாமில்டன் ஜெயித்தார். 2022ல் மழையால் தொடக்கமே ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனது. பகல் பந்தயத்தில் மழை விட்டால் வெயில் சாலையைக் காயவைக்கும். இங்கே இரவு, புழுக்கம், காற்றும் இல்லை, ஈரம் நகரவே மாட்டேன் என்று கிடக்கும். அன்று ரஸ்ஸல் பொறுமை இழந்து காய்ந்த சாலைக்கான டயரைச் சீக்கிரமே மாட்டிக்கொண்டு வழுக்கிக்கொண்டே திரிந்தார், மற்றவர்கள் அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து சுற்று காத்திருந்தார்கள்.

நீங்கள் 'மெதுவான தடம்' என்றதில் ஒரு உண்மை இருக்கிறது, ஆனால் அது மாறிக்கொண்டு வருகிறது. தடத்தோரம் மரினா பே நீரில் இருந்த மிதக்கும் மேடையைப் புதுப்பிக்கும் வேலைக்காக 2023ல் பழைய 16 முதல் 19 வரை நான்கு வளைவுகளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 400 மீட்டர் அளவுக்கு நேர்பாதை விட்டார்கள். 23 வளைவு 19 ஆனது, நீளம் 5.063 கி.மீ.யிலிருந்து 4.940 ஆனது. 2018ல் ஹாமில்டனின் பெயர்பெற்ற தகுதிச் சுற்று 1 நிமிடம் 36.015 விநாடி, சராசரி மணிக்கு 190 கி.மீ. அளவு. 2024ல் நாரிஸ் 1 நிமிடம் 29.525, சராசரி 199ஐ நெருங்கிவிட்டது. இடையில் காரும் டயரும் மாறிவிட்டதால் முழு வித்தியாசத்தையும் வளைவுக் கணக்கில் எழுத முடியாது. அந்த நேர்பாதை பிரேக்குக்கும் ஆளுக்கும் சில விநாடி மூச்சு கொடுத்தது என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை. 2008 முதல் 2023 வரை நடந்த 14 பந்தயங்களிலும் குறைந்தது ஒரு தடவை சேஃப்டி கார் வந்தது. 2024ல் வரவில்லை, அதுதான் முதல் முறை. பழைய மார்ஷல்கள் சிலர் தடம் சாதுவாகிவிட்டது என்று முணுமுணுக்கிறார்கள். எனக்கும் பாதி அப்படித்தான். 2008ல் நெல்சன் பிக்கே ஜூனியர், தன் அணியின் அலொன்சோ ஜெயிப்பதற்காக வேண்டுமென்றே மோதிய 17வது வளைவும் அந்த நான்கோடு போய்விட்டது. அது போனதில் வருத்தமில்லை.

முந்துவது சுலபமில்லை என்பதால் இன்னொரு வேடிக்கையும் நடக்கும்: முன்னால் போகிறவர் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டுவார். டயர் மிஞ்சும், பின்னால் எல்லாரும் ரயில்பெட்டி மாதிரி ஒட்டிக்கொண்டு வருவதால் யாரும் டயர் மாற்றப் பிட்டுக்குள் போய் வெளியே வர இடைவெளி கிடைக்காது. 2023ல் சைன்ஸ் இதை ஒரு படி மேலே கொண்டுபோனார். தனக்குப் பின்னால் வந்த நாரிஸ் ஒரு விநாடிக்குள் இருக்கும்படி வேகத்தைக் குறைத்து, அவருக்குப் பின்சிறகு திறக்கும் சலுகை (திறந்தால் காற்றின் தடை குறைந்து வேகம் கூடும்) கிடைக்கச் செய்தார், அதனால் பின்னால் வந்த இரண்டு மெர்சிடிஸ் கார்களும் நாரிஸைத் தாண்ட முடியவில்லை. எதிரியையே மதில் ஆக்கிவிட்டார். தொலைக்காட்சியில் பார்த்தால் 'என்ன, சும்மா வரிசையில் போகிறார்களே' என்றுதான் தோன்றும்.

கொஞ்சம் விலகிப் போகிறேன். கடினத்துக்கும் ஆபத்துக்கும் வித்தியாசம் தெரிய வேண்டுமானால் ஒரு ஞாயிறு ஓல்டு அப்பர் தாம்சன் சாலைக்குப் போய் வாருங்கள். 1961 முதல் 1973 வரை பந்தயம் அங்கேதான், காட்டோரச் சாலையில், விளக்குக் கம்பத்துக்கும் மழைநீர் வடிகாலுக்கும் நடுவே. அப்பா மரத்தில் ஏறி உட்கார்ந்து பார்த்திருக்கிறார். உயிர்ப்பலி தொடர்ந்ததில் பந்தயமே நின்றுபோனது. இன்று மரினா பேயில் சுவரில் மோதியவர் பெரும்பாலும் தானே எழுந்து நடந்து போகிறார். நாங்கள் பதறுவது வேறு விஷயங்களுக்கு. 2015ல் பந்தயம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் தடத்துக்குள் இறங்கி நடந்தார். 2016 பயிற்சியில் ஒரு உடும்பு சாலையைக் கடந்தது. உடும்புக்கு எந்தக் கொடியைக் காட்டுவது?

இனி டிக்கெட். முதல் தடவை என்றால் ஞாயிறு இருக்கைக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள். வெள்ளிக்கிழமைக்கு, நின்றும் நடந்தும் பார்க்கும் டிக்கெட் எடுங்கள், விலை குறைவு, அன்றுதான் ஓட்டுநர்கள் சுவரோடு பழகுகிறார்கள். ராஃபிள்ஸ் புலவார்டு நேர்பாதையில் 300 கி.மீ.க்கு மேல் வந்து 7வது வளைவில் மிதிக்கும் இடம் உங்கள் டிக்கெட்டில் எட்டுகிறதா என்று வரைபடத்தில் பாருங்கள். நினைவுச்சின்னத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வளைவு அது. சத்தத்தை விட்டுவிட்டு முன் சக்கரத்துக்குள் கண்ணை வையுங்கள். சக்கரத்தின் உள்ளே டிஸ்க் ஒரு கணம் ஆரஞ்சு நிறமாக எரிந்து அணையும். அடுத்து பாடாங் பக்கம் வந்து, 10வது வளைவுச் சுவரில் கறுப்புக் கீற்று எங்கே தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரவு அன்றைய கடைசி ஓட்டம் முடிந்ததும் மறுபடி பாருங்கள். காதடைப்பான், மழைக்கோட்டு, மாற்றிக்கொள்ள ஒரு சட்டை. குடை வேண்டாம், பின்னால் நிற்பவர் திட்டுவார்.